வெயிலில் வளர்ந்த பழ ஈக்கு இறக்கை நீண்டது எப்படி?

தண்டையார்பேட்டை மாணவி
மே 12, இரவு 9.20

வணக்கம். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் இளநிலை விலங்கியல் படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் பழ ஈயின் வெஸ்டிஜியல் வகையை வளர்த்துவருகிறோம். இறக்கை சுருங்கிக் குட்டையாகிப்போன, பறக்க முடியாத ஈ அது. போன மாதக் கடைசியில் மின்னழுத்தம் குறைந்து இன்குபேட்டர் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் குப்பிகளை மாடிக்கு நேர்கீழே இருக்கும் அறையில் மேசைமேல் வைத்தோம். பகல் முழுவதும் அனல் இறங்கும் அறை அது.

இப்போது அந்தக் குப்பிகளில் கூட்டிலிருந்து வெளிவரும் ஈக்களில் பலவற்றுக்கு இறக்கை நீண்டிருக்கிறது. சிலவற்றில் வயிற்று நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெளி ஈ உள்ளே புகுந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேறு வாங்கிக்கொள் என்கிறார்கள். பஞ்சு அடைப்பு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மாம்பழக் காலம், வாசலிலேயே பழ வண்டிகள் நிற்கின்றன, ஈக்குக் குறைவில்லை என்பதும் உண்மை.

கொட்டிவிடுவதா, வைத்துக்கொள்வதா? ஒரு மரபணு கெட்டுப்போன பிறகு அது உண்டாக்க வேண்டிய உறுப்பு எப்படித் திரும்பி வரும்?

கொருக்குப்பேட்டை ஆசிரியர்
மே 12, இரவு 9.55

கலப்படமாகத்தான் இருக்கும். வெஸ்டிஜியல் ஒடுங்கு பண்பு. வெளியிலிருந்து ஓர் ஆண் ஈ நுழைந்தாலே போதும், அதற்குப் பிறக்கும் முதல் தலைமுறை முழுவதும் நீண்ட இறக்கையோடு வரும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் பாடமே இதுதான். இறக்கைக்கான மரபணு பழுதாகிவிட்டால் இறக்கை இல்லை.

பெரம்பூர் விலங்கியல்
மே 12, இரவு 11.10

அம்மா, தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன். வெஸ்டிஜியல் ஈ சூட்டுக்கு ஏற்ப இறக்கையை மாற்றிக்கொள்ளும் என்பதை 1930-களிலேயே அளந்து எழுதிவிட்டார்கள். 25 டிகிரியில் வளர்ந்தால் குட்டை இறக்கை. 30-ஐத் தாண்டி 31, 32 என்று போகப்போக இறக்கை நீள்கிறது. கணக்கில் வருவது புழுவாக இருந்தபோது பட்ட வெப்பம். கூட்டைவிட்டு வந்த ஈயை எந்தச் சூட்டில் வைத்தாலும் அதன் இறக்கை இனி மாறாது.

மரபணு கெட்டுவிட்டது என்கிறீர்கள். முழுவதும் கெடவில்லை என்பதுதான் விஷயம். கல்லூரிகளில் வழக்கமாக இருக்கும் வகையில், தாவித் திரியும் டி.என்.ஏ. துண்டு ஒன்று அந்த மரபணுவுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் இறக்கையாக வேண்டிய இடத்தில் வெஸ்டிஜியல் புரதம் போதிய அளவு சுரப்பதில்லை. அடியோடு இல்லாமல் போவது வேறு, குறைந்துபோவது வேறு. குறைந்த நிலையில் நிற்கும் ஒன்றைச் சூழல் மேலும் கீழும் அசைக்க முடியும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. நீண்ட இறக்கை ஈக்களில் கன்னிப் பெண்களைப் பிரித்தெடுத்து, 25 டிகிரியில் வளர்ந்த குட்டை இறக்கை ஆண்களோடு புது உணவில் விடுங்கள். குப்பியை 25 டிகிரியிலேயே வையுங்கள். பிள்ளைகள் அத்தனையும் குட்டை என்றால் காரணம் வெப்பம். பாதிக்குப் பாதி நீளமும் குட்டையுமாக வந்தால் வெளி ஈயின் கலப்பு. சூட்டில் வளர்ந்த ஆண்களைப் பயன்படுத்த வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் வளரும் ஆண் பழ ஈக்கள் மலடாகிவிடுவது உண்டு. அப்புறம் முட்டை பொரியவில்லை என்று தவித்துக்கொண்டிருப்பீர்கள்.

ராயபுரம் நுண்ணோக்கி
மே 13, காலை 7.30

ஐயா சொன்ன கலப்புக்கு இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் ஈயை மயக்கி, நுண்ணோக்கியில் உருப்பெருக்கிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் இறக்கையின் ஓரம். வெளி ஈ என்றால் ஓரம் முழுமையாக, வளைவு குலையாமல், மயிர் வரிசையோடு இருக்கும். வெப்பத்தால் நீண்ட வெஸ்டிஜியல் இறக்கையில் நீளம் இருந்தாலும் ஓரத்தில் அங்கங்கே கடித்தெடுத்ததுபோல வெட்டு இருக்கும். நரம்புகள் ஓரத்தைத் தொடாமலே நின்றுவிடும்.

அடுத்தது இறக்கைக்குப் பின்னால் இருக்கும் சமநிலைக் குமிழ். வெஸ்டிஜியல் ஈயில் இதுவும் சிறுத்திருக்கும். மார்பின் பின்பக்கத்தில் முக்கோணமாக ஒரு பகுதி தெரியும், அதன் கடைசி இரண்டு முள்மயிர்களையும் பாருங்கள். இயல்பான ஈயில் அவை பின்னால் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிடும். வெஸ்டிஜியல் ஈயில் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும்.

இன்னொன்று. சென்னைத் தெருப் பழக்கடைகளில் மொய்ப்பவை எல்லாம் உங்கள் குப்பியில் இருக்கும் மெலனோகாஸ்டர் இனம் அல்ல. தென்னிந்தியாவில் அனனாசே என்ற இனம் மிகவும் சாதாரணம். அது மெலனோகாஸ்டரோடு கலந்து குட்டி போடாது. ஆண் ஈயின் வயிற்று நுனி கறுப்பாக இருந்தால் மெலனோகாஸ்டர் வகையறா. வெளிறியிருந்தால் அனனாசேவாக இருக்கலாம். மயக்கப் பயன்படுத்தும் ஈதர் அதிகமாகிவிட்டால் செத்த ஈ இறக்கையைத் தூக்கி விறைத்துக்கொள்ளும், அப்போதுதான் கூட்டைவிட்டு வந்த ஈக்கு இறக்கை மடிந்து கசங்கியே இருக்கும். இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தண்டையார்பேட்டை மாணவி
மே 14, மாலை 6.45

இன்று பார்த்தேன். நீண்ட இறக்கை ஈக்களில் ஓரம் முழுதாக இருக்கும் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் நுனிப்பக்கம் வெட்டு இருக்கிறது, சிலவற்றில் மூன்றாவது நரம்பு பாதியிலேயே முடிந்துவிடுகிறது. முள்மயிர்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. ஒரே ஈயில் இடது இறக்கை நீளமாகவும் வலது இறக்கை அதில் பாதியாகவும் இருப்பதையும் பார்த்தேன். கலப்படம் என்றால் இப்படி வருமா? இரண்டு பக்கமும் ஒரே மரபணுதானே இருக்கிறது?

கன்னிப் பெண்களைப் பிரித்து வைத்துவிட்டேன். பக்கத்துத் துறையின் குளிர்சாதன அறையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள்.

கொருக்குப்பேட்டை ஆசிரியர்
மே 14, இரவு 8.05

வெப்பம்தான் என்றால் ஏற்றுக்கொள்கிறேன், நல்ல செய்தி. ஆனால் வகுப்பில் நான் என்ன சொல்வது? "இறக்கைக்கான மரபணு" என்றுதானே எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது? அந்த மரபணுவில் சடுதிமாற்றம் வந்தால் இறக்கை போகிறது. வேறு எதற்கு இருக்கிறது அது? வெப்பம், அளவு, சூழல் என்று அடுக்கினால் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தலை சுற்றும்.

வியாசர்பாடி ஆய்வாளர்
மே 14, இரவு 10.40

ஆசிரியர் ஐயா, இந்த இடத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் பழ ஈயில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

புழுவை அறுத்துப் பார்த்தால் அதன் உடலுக்குள் ஒரு ஜோடி இறக்கை வட்டுகள் இருக்கும். வட்டு என்றால் பைபோல மடிந்த மெல்லிய திசு. தொடக்கத்தில் அதில் இருப்பவை சில பத்து செல்கள். நான்கைந்து நாட்களில் அவை பெருகி முப்பதாயிரத்தைத் தாண்டுகின்றன. ஒரே வட்டின் நடுப்பகுதி இறக்கையாகும், இன்னொரு பகுதி மார்பின் முதுகுப்பக்கத் தோலாகும். வெஸ்டிஜியல் ஈயில் மார்பு நன்றாகவே இருக்கிறதே, கவனித்தீர்களா? கெட்ட மரபணு ஈயின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. கண்ணிலும் காலிலும் குடலிலும் இருக்கிறது. ஆனாலும் இறக்கையாக வேண்டிய செல்கள்தான் பெருக்கம் குன்றிச் செத்துப்போகின்றன. ஆக, மரபணு எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்த இடத்தில் எந்த நேரத்தில் அது தேவைப்படுகிறது என்பதே உறுப்பைத் தீர்மானிக்கிறது.

வட்டுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பாதி, பின்பாதி என்று செல்கள் முதலில் பிரிகின்றன. பின்பாதிக்கு எங்ரெய்ல்டு என்ற மரபணு அடையாளம் தருகிறது. இரண்டு பாதிகளும் சந்திக்கும் கோட்டில் டெக்காபென்டாப்லீஜிக் என்ற புரதம் சுரந்து இருபுறமும் பரவுகிறது. பிறகு மேற்புறம், கீழ்ப்புறம் என்று இன்னொரு பிரிவு. மேற்புறத்துக்கு ஆப்டெரஸ் மரபணு. அந்த இரண்டாவது கோட்டில் நாட்ச் என்ற ஏற்பி, அதாவது பக்கத்து செல்லின் செய்தியை வாங்கும் புரதம், தூண்டப்படுகிறது. அதனால் விங்லெஸ் சுரக்கிறது. இந்தச் செய்திகள் எல்லாம் வந்து சேரும் இடங்களில் ஒன்றுதான் வெஸ்டிஜியல். அது ஸ்கேலப்ட் என்ற இன்னொரு புரதத்தோடு கைகோத்து இறக்கைக்கு வேண்டிய மற்ற மரபணுக்களை இயக்குகிறது. இந்த வரிசையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் இறக்கையில் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். ஆப்டெரஸ் போனால் இறக்கையே இல்லை. நாட்ச் குறைந்தால் ஓரத்தில் வெட்டு. மேல், கீழ் என்ற இரண்டு தோல்களையும் ஒட்டிப்பிடிக்கும் இன்டெக்ரின் புரதம் கெட்டால் இறக்கை கொப்புளமாக ஊதிவிடும். ஃப்ரிஸில்டு கெட்டால் இறக்கை முழு அளவில் இருக்கும், அதன் மேலுள்ள நுண்மயிர்கள் மட்டும் நுனியை நோக்கிப் படியாமல் சுழித்துக்கொண்டு நிற்கும்.

மாணவி கேட்ட இடது வலது வேறுபாட்டுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வட்டும் தனித்தனியாக வளர்கிறது. புரதம் போதும் போதாது என்ற விளிம்பில் இருக்கும்போது, ஒரு வட்டு தப்பிக்கும், மற்றது தப்பாது. நல்ல மரபணு இருக்கும் ஈயில் இந்த ஊசலாட்டம் வெளியே தெரிவதில்லை.

கொருக்குப்பேட்டை ஆசிரியர்
மே 15, காலை 6.15

அருமையாக எழுதினீர்கள் தம்பி. ஆனால் ஒரு கேள்வியை விடமாட்டேன். வெஸ்டிஜியல் மரபணுவைக் கண் வட்டிலும் கால் வட்டிலும் வலிந்து இயக்கினால் அங்கேயும் இறக்கைத் திசு முளைக்கிறது என்று 1996-இல் காட்டினார்களே? கண்ணில்கூட இறக்கையை முளைக்கவைக்கும் ஒன்றை இறக்கைக்கான மரபணு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

வியாசர்பாடி ஆய்வாளர்
மே 15, மதியம் 1.20

வலுவான வாதம் ஐயா, மறுக்கவில்லை. வெஸ்டிஜியலுக்கு இறக்கையின் அடையாளத்தைத் தரும் ஆற்றல் உண்டு. ஆனால் அதே மரபணு மார்புக்குள் இருக்கும் பறக்கும் தசைகள் உருவாகவும் வேண்டும். அதைக் காட்டியதில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கே. விஜயராகவன் குழுவுக்குப் பங்கு உண்டு. அதன் கூட்டாளியான ஸ்கேலப்ட் உணர்வுறுப்புகளிலும் வேலை செய்கிறது. இவை இரண்டுக்கும் உறவான மரபணுக்கள் நமக்கும் இருக்கின்றன. நமக்கு இறக்கை இல்லை.

வகுப்பில் "இறக்கை வளர்ச்சியை முடுக்கும் மரபணு" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தலை சுற்றாது. "அப்படியென்றால் அதை யார் முடுக்குவது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

கொருக்குப்பேட்டை ஆசிரியர்
மே 15, மாலை 5.50

தேர்வுத்தாளில் பழைய சொல்லைத்தான் எதிர்பார்ப்பார்கள். இருந்தாலும் வகுப்பில் உங்கள் சொல்லைச் சேர்த்தே சொல்கிறேன்.

பெரம்பூர் விலங்கியல்
மே 15, இரவு 9.00

விங்லெஸ் என்று ஒரு பெயர் போகிற போக்கில் வந்தது. அதைப் பற்றி நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது நம் நாட்டில் கண்டெடுத்தது. டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். பி. சர்மா 1973-இல் அந்த ஈயைப் பற்றி எழுதினார். 1976-இல் அவரும் வி. எல். சோப்ராவும் சேர்ந்து விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஈக்களில் சிலவற்றுக்கு ஒரு பக்க இறக்கை இல்லை, சிலவற்றுக்கு இரண்டும் இல்லை, சில இயல்பாகவே இருந்தன. இறக்கை இல்லாத பக்கத்தில் வெற்றிடம் இல்லை, மார்புத் தோலே இன்னொரு முறை, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலத் திரும்பி வளர்ந்திருந்தது. இறக்கையாக வேண்டிய திசு மார்பாகிவிட்டது.

1982-இல் ரோல் நுஸ்ஸேயும் ஹெரால்ட் வார்மஸும் எலியின் மார்பகப் புற்றுநோயில் இன்ட்-1 என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். 1987-இல் பார்த்தால், அதுவும் டெல்லி ஈயின் விங்லெஸும் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள். இன்று வின்ட் என்ற பெயரில் வழங்கும் புரதக் குடும்பம் அந்த இரண்டு பெயர்களையும் இணைத்து வந்தது. குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் தடம்புரள்வது இந்த வின்ட் செய்திப் பாதைதான். பழ ஈ ஆராய்ச்சியின் வரலாறு என்றால் எல்லாவற்றையும் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்கன் ஆய்வகத்தோடு தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். மார்கனின் பெருமை குறையாது. ஆனால் சர்மா, சோப்ரா பெயர்களை நம் கல்லூரிகளில் நாமே சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்வார்கள்?

மூலக்கடை வாசகர்
மே 16, இரவு 11.35

நான் விலங்கியல் படித்தவன் இல்லை. இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாட்ச் என்ற பெயரைத் தேடி இந்த இழைக்கு வந்தேன்.

என் தம்பி மகளுக்குப் பிறந்ததிலிருந்து மஞ்சள்காமாலை தணியவே இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, இரவில் தூங்கமாட்டாள். இதயத்தில் சத்தம் கேட்கிறது என்றார்கள். முதுகெலும்பு எக்ஸ்ரேயில் எலும்புகள் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கின்றன என்றார்கள். கடைசியில் அலஜில் நோய் என்று பெயர் சொல்லி, ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஜாக்டு-1 மரபணுவில் மாற்றம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் பரிசோதித்ததில் அந்த மாற்றம் இல்லை.

வீட்டில் பெரியவர்கள் அந்தப் பெண்ணைத்தான் குறை சொல்கிறார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள், பப்பாளி சாப்பிட்டாள் என்று தினமும் ஒன்று. அறிக்கையில் நாட்ச் பாதை என்று ஒரு வரி இருக்கிறது. ஈயின் இறக்கைக்கும் எங்கள் பிள்ளையின் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது புரியும்படி சொல்ல முடியுமா?

வியாசர்பாடி ஆய்வாளர்
மே 17, காலை 8.10

அண்ணா, நேரடியாகவே சம்பந்தம் இருக்கிறது.

பக்கத்துப் பக்கத்து செல்கள் தொட்டுப் பேசிக்கொள்ள நாட்ச் ஓர் ஏற்பி. அதைத் தொட்டுத் தூண்டும் புரதங்கள் ஈயில் இரண்டு: டெல்டா, செரேட். செரேட்டுக்கு ஈடாக மனிதரில் இருப்பதுதான் ஜாக்டு-1. ஈயின் இறக்கை ஓரத்தில் எந்த செல் எதுவாக வேண்டும் என்று முடிவாவது இந்த உரையாடலால். ஈரலுக்குள் பித்தநீர்க் குழாய்கள் உருவாவதும், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய் உருவாவதும், முதுகெலும்புக் கண்டங்கள் பிரிவதும் இதே உரையாடலால்தான். அதனால்தான் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோலத் தெரியும் ஈரலும் இதயமும் எலும்பும் ஒரே குழந்தையில் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன.

ஒவ்வொரு மரபணுவுக்கும் நமக்கு இரண்டு பிரதிகள். பெரும்பாலான மரபணுக்களில் ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும். நாட்ச் அப்படி இல்லை. பெண் ஈயில் ஒரு பிரதி போனாலே இறக்கை ஓரத்தில் வெட்டு விழும். இரண்டும் போனால் முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். கூடுதலாக ஒரு பிரதி இருந்தாலும் தொல்லைதான், இறக்கை நரம்புகள் தடித்துவிடும். தெருக்குழாயில் அழுத்தம் பாதியானால் முதல் வீட்டுக்குத் தண்ணீர் வரும், கடைசி வீட்டுக்கு ஒரு சொட்டும் ஏறாது. அதுபோல, சில திசுக்களுக்குப் பாதி அளவு போதும், சிலவற்றுக்குப் போதாது. ஜாக்டு-1 விஷயமும் இதுவே. குழந்தையிடம் ஒரு நல்ல பிரதி இருக்கிறது. ஆனால் பித்தக் குழாய்க்குப் பாதி அளவு போதவில்லை.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். தாய் தந்தை இருவரிடமும் மாற்றம் இல்லை என்றால் அது கருமுட்டையிலோ விந்தணுவிலோ கருவின் தொடக்கத்திலோ புதிதாக ஏற்பட்ட மாற்றம். அலஜில் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படித்தான் வருகிறது. டி.என்.ஏ. படியெடுக்கும்போது எழுத்து மாறுவது எல்லா உயிரிலும் நடக்கிறது. கிரகணம் இதைச் செய்யாது. பப்பாளி இதைச் செய்யாது. அந்தத் தாய் எதையும் செய்யவும் இல்லை, செய்யத் தவறவும் இல்லை. இந்த வரியை அப்படியே வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. தாயின் அல்லது தந்தையின் இனச்செல்களில் சிலவற்றில் மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கக்கூடும், ரத்தத்தில் தெரியாது. அதற்கு மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அவசியம். ஒரே மாற்றம் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு நோய் கடுமையாகவும் இன்னொருவருக்கு லேசாகவும் இருப்பது இந்த நோயில் சாதாரணம். அதனால் வேறொரு குழந்தையைப் பார்த்து இந்தக் குழந்தைக்குக் கணக்குப் போட வேண்டாம். அரிப்பைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன, குழந்தையின் ஈரல் மருத்துவரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள். தூக்கம் கெடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், பலர் அதைச் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள்.

மூலக்கடை வாசகர்
மே 17, இரவு 10.00

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். தம்பி மனைவியும் பக்கத்தில் இருந்தாள். நன்றி தம்பி.

எண்ணூர்க்காரன்
மே 18, காலை 9.25

எல்லாம் படித்தேன், மதிப்பு இருக்கிறது. ஆனால் எண்ணூரிலும் மணலியிலும் சாம்பலும் எண்ணெய்க் கழிவும் மூக்கில் ஏறும்போது, எங்கள் பிள்ளைகள் ஈயின் இறக்கையை எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. டிசம்பர் 2023-இல் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் கையால் அள்ளினார்கள். விலங்கியல் துறை அதைப் பற்றி ஏதாவது செய்யக்கூடாதா?

ராயபுரம் நுண்ணோக்கி
மே 18, இரவு 7.15

செய்யலாம், அதற்கு இதே இறக்கை போதும். 1980-களில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கிய இறக்கைப் புள்ளிச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் டி.என்.ஏ.வைச் சிதைக்குமா என்று அறிய இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

இயல்பான இறக்கையில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே ஒரு நுண்மயிர். ஒரு செல்லில் பல மயிர் முளைக்கச் செய்யும் மாற்றம் ஒன்று உண்டு, மயிர் சிதைந்து விரியும்படி செய்யும் இன்னொன்றும் உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு கெட்ட பிரதி மட்டும் இருக்கும்படி ஈயைக் கலப்பினமாக்கிக்கொள்வார்கள். நல்ல பிரதிகள் காப்பதால் அந்த ஈயின் இறக்கை பார்வைக்கு இயல்பாக இருக்கும். அதன் புழுக்களுக்குச் சந்தேகப் பொருளை உணவில் கலந்து கொடுப்பார்கள். வட்டில் ஒரு செல்லின் டி.என்.ஏ. அடிபட்டு நல்ல பிரதி தொலைந்துவிட்டால், அந்த செல்லும் அதன் வாரிசுகளும் ஈ வளர்ந்தபிறகு இறக்கையில் ஒரு புள்ளியாகத் தெரியும். சீக்கிரம் அடிபட்டிருந்தால் வாரிசுகள் அதிகம், புள்ளி பெரிது. தாமதமாக அடிபட்டிருந்தால் ஒன்றிரண்டு செல்கள்தான். இறக்கையைப் பிய்த்துக் கண்ணாடிச் சில்லில் பதித்து 400 மடங்கு பெருக்கி வரிசை வரிசையாகத் தேட வேண்டும். ஒரு இறக்கையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட செல்கள். கண் எரியும் வேலை. ஆனால் நுண்ணோக்கியும் பொறுமையும் உள்ள எந்தக் கல்லூரியும் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆற்றுநீரில் புள்ளி கூடினால், அந்த நீரில் டி.என்.ஏ.வைத் தாக்கும் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். எந்தப் பொருள் என்று அது சொல்லாது. எண்ணூரில் இத்தனை பேருக்கு நோய் வரும் என்றும் சொல்லாது. அப்படி யாராவது சுவரொட்டி அடித்தால் நான் எதிர்ப்பேன். கூடவே சுத்தமான நீர் கொடுத்த ஒரு தொகுதியும், தீங்கு உறுதியான பொருள் கொடுத்த ஒரு தொகுதியும் இல்லாமல் செய்கிற சோதனை சோதனையே அல்ல. எந்தக் குப்பி எந்த நீர் என்பது புள்ளி எண்ணுகிறவருக்குத் தெரியவும் கூடாது.

எண்ணூர்க்காரன்
மே 18, இரவு 9.40

இது எனக்குத் தெரியாது. எந்த இடத்தில் எப்போது நீர் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். படகு வைத்திருக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஏற்றம், வற்றம் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், கழிமுகத்தில் நேரத்துக்கு நேரம் நீர் மாறும்.

தண்டையார்பேட்டை மாணவி
மே 29, மாலை 7.00

கலப்பின் பிள்ளைகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. 25 டிகிரியில் வளர்ந்தவை அத்தனையும் குட்டை இறக்கை. துறைத் தலைவரிடம் குப்பிகளையே எடுத்துப்போய்க் காட்டினேன். கொட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்குபேட்டரைப் பழுதுபார்க்கவும் கடிதம் எழுதியிருக்கிறார். புள்ளிச் சோதனைக்குத் தோழிகள் சிலர் சேர்ந்திருக்கிறோம், எண்ணூர் அண்ணனுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன்.

குமிழும் சிறுத்திருக்கும் என்றார்கள், பார்த்தேன். அதிலிருந்து ஒரு சந்தேகம். நான்கு இறக்கை ஈ என்று பாடத்தில் ஒரு படம் இருக்கிறது. அந்த ஈ பறக்குமா?

பெரம்பூர் விலங்கியல்
மே 29, இரவு 9.30

பறக்காது அம்மா.

சமநிலைக் குமிழும் இறக்கையும் உறவுள்ள உறுப்புகள். பின்மார்புக் கண்டத்தில் அல்ட்ராபைதோராக்ஸ் என்ற மரபணு இயங்கி, அங்கே இறக்கையை வளரவிடாமல் குமிழாக்கி வைக்கிறது. கால்வின் பிரிட்ஜஸ் 1915-இல் கண்ட பைதோராக்ஸ் மாற்றம்தான் இந்தக் கதையின் தொடக்கம். எட்வர்ட் லூயிஸ் பல மாற்றங்களை ஒரே ஈயில் சேர்த்து, குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் முழு இறக்கையை வளரவைத்தார். 1995-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். அல்ட்ராபைதோராக்ஸ் அந்தக் குமிழில் எந்தெந்த மரபணுக்களை அடக்கிவைக்கிறது என்று எல். எஸ். ஷஷிதரா ஹைதராபாத்திலும் பிறகு புனேயிலும் ஆராய்ந்திருக்கிறார். விங்லெஸும் வெஸ்டிஜியலும் அந்தப் பட்டியலில் வரும்.

பறக்காததற்குக் காரணங்கள் உண்டு. பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர்த்துவதே குமிழ்தான், அது இல்லாமல் போய்விட்டது. அதோடு, கூடுதல் இறக்கையை அடிக்க வேண்டிய தசைகள் அந்தக் கண்டத்தில் முழுமையாக உருவாவதில்லை. தோல் இறக்கையாகிவிட்டது, தசை கூடவே வரவில்லை.

நான்கு இறக்கை ஈயைக் கல்லூரியில் வளர்ப்பது கடினம். ஆனால் அல்ட்ராபைதோராக்ஸில் ஒரு பிரதி மட்டும் கெட்ட ஈ கிடைக்கும். அதில் குமிழ் சற்றே பெருத்து, சில சமயம் ஓரிரு மயிரும் முளைத்திருக்கும். மூன்றாவது குரோமோசோம் மாற்றங்களைப் பாதுகாக்கும் இருப்புகளில் அந்த அடையாளத்தைச் சேர்த்தே வைத்திருக்கும் ஆய்வகங்கள் பல உண்டு. வியாசர்பாடித் தம்பியிடம் கேளுங்கள், ஒரு குப்பி கொடுப்பார். வாங்கிய கையோடு தனி அலமாரியில் வையுங்கள், உண்ணி இல்லை என்று தெரிந்தபிறகு மற்றவற்றோடு சேர்க்கலாம்.